தொட்டியில் குத்து பீன்ஸ்: மலைக்காய் புதுக்கோட்டை முற்றத்தில் காய்க்குமா?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சந்தைகளில் விற்கும் பீன்ஸில் பெரும்பகுதி கொடைக்கானல் மலையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் ஒட்டன்சத்திரம், திருச்சி காந்தி மார்க்கெட் வழியாக வந்து சேர்கிறது. சித்திரை, வைகாசியில் வரத்து குறையும்போது விலை ஏறிவிடும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அந்த நாட்களில் கால் கிலோ வாங்கவே யோசிக்கும். 'இதை நம் வீட்டு வாசலில் நாலு சாக்கில் போட்டுப் பறித்தால் என்ன?' என்று கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள். மாடித்தோட்டப் பைகளும் விதைப் பாக்கெட்டுகளும் சிற்றூர்க் கடைவீதிகள் வரை வந்துவிட்டன.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால், ஆர்வத்தில் பையும் விதையும் வாங்கி, மாசியில் விதைத்து, பங்குனியில் பூவெல்லாம் கொட்டிப்போய், 'நமக்குக் கைராசி இல்லை' என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இதில் கைராசிக்கு வேலை இல்லை. எந்த அவரை, எந்தப் பட்டம், எவ்வளவு தண்ணீர் என்ற மூன்றையும் சரியாகப் பிடித்தால் போதும். நிலமே இல்லாத வீட்டிலும் வாரத்துக்கு இரண்டு பொரியலுக்குக் காய் கிடைக்கும்.

எந்த அவரை?

'குத்து' என்றால் கொடி வீசாமல் ஒன்றரை அடி, இரண்டு அடி உயரத்தில் புதர்போல் நிற்கும் செடி. பந்தல், கொம்பு தேவையில்லை. அதனால்தான் தொட்டிக்கும் பைக்கும் இது ஏற்றது. நம் பகுதியில் பையில் வைக்கத்தக்க குத்து வகைகள் நான்கு.

1. பீன்ஸ்: இது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் வழியாக நம் மலைகளுக்கு வந்து தங்கியது. 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செழிக்கும். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரத் தொடங்கும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்கா கோமல் குத்து ரகம் பைக்கு நன்றாக வரும். விதைத்த 45-50 நாளில் முதல் பறிப்பு. 75-80 நாளில் செடி ஓய்ந்துவிடும்.

2. குத்து அவரை (செடி அவரை): நம் மண்ணின் காய். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 12, கோ 13, கோ 14 போன்ற ரகங்களும், அர்கா ஜெய், அர்கா விஜய் ரகங்களும் குத்து வகையே. 60-ஆம் நாளை ஒட்டிப் பறிப்பு தொடங்கி 120 நாள் வரை நீளும்.

3. காய்கறித் தட்டைப்பயறு (காராமணி): வெயிலைத் தாங்கும். 45-50 நாளில் பிஞ்சு பறிக்கலாம். ஆலங்குடிக்குப் பக்கத்தில் வம்பனில் இயங்கும் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் உளுந்துக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து தட்டைப்பயறு ரகங்களும் வந்துள்ளன. வம்பன் 2 காய்கறிக்கு ஏற்றது. விதை வாங்கும்போது 'குத்து ரகமா, கொடி வீசும் ரகமா?' என்று கேட்டு வாங்க வேண்டும்.

4. கொத்தவரை: வெயில், வறட்சி, ஓரளவு உப்பு மூன்றையும் தாங்குவதில் முதலிடம் இதற்குத்தான். பூசா நவ்பகார் ரகம் கிளை விடாமல் ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து வளரும். இடம் கொஞ்சமாகத்தான் பிடிக்கும்.

முதன்முதலில் தொட்டியில் வைப்பவர்கள் பீன்ஸில் தொடங்காமல் குத்து அவரையிலோ கொத்தவரையிலோ தொடங்குவது நல்லது. கை பழகிய பிறகு பீன்ஸுக்குப் போகலாம்.

பட்டம் தப்பினால் பாதி போச்சு

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பந்தல் அவரைக்கு அப்படியே பொருந்தும். நம் பாட்டிமார் ஆடியில் வேலியோரம் ஊன்றிய கொடி அவரை மார்கழி, தையில்தான் பூக்கும். பகல் பொழுது குறைந்து இரவு நீளும்போதுதான் அந்தக் கொடிக்குப் பூ எடுக்கும் குணம் உண்டு. அவரை பூக்கும் காலம் என்று முன்பனிக்காலத்தைச் சொல்லும் பாடல் குறுந்தொகையிலேயே இருக்கிறது. பங்குனியில் கொடி அவரையை ஊன்றி ஐந்து மாதம் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் குறைக்கு இதுவே காரணம்.

பல்கலைக்கழகக் குத்து ரகங்களில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பகல் நீண்டாலும் குறைந்தாலும் பூக்கும். ஆகவே குத்து அவரையைத் தண்ணீர் இருந்தால் எந்த மாதத்திலும் விதைக்கலாம். என்றாலும் ஆடி-ஆவணி, தை-மாசி இரண்டும் நல்ல பட்டங்கள்.

பீன்ஸுக்குச் சமவெளியில் ஒரே பட்டம்தான்: அக்டோபர்-நவம்பர். நம் மாவட்டத்தில் ஐப்பசியில் அடைமழை கொட்டும். அப்போது விதைத்தால் விதை அழுகும். கார்த்திகை பிறந்ததும் மழை ஓய்ந்த ஓர் இடைவெளி பார்த்து விதைப்பது பொருத்தம். 35-40 நாளில், அதாவது மார்கழிக் குளிரில், பூ வரும். தையில் பறித்து முடித்துவிடலாம். மாசிக்குப் பிறகு பீன்ஸ் விதைப்பது விதையை வீணாக்குவதுதான். கோடைக்குத் தட்டைப்பயறும் கொத்தவரையும் இருக்கின்றன.

ஓர் ஆண்டுக்கு வரிசை போட்டால் இப்படி வரும்: ஆடியில் குத்து அவரை, கார்த்திகையில் பீன்ஸ், மாசிக் கடைசியில் கொத்தவரை அல்லது தட்டைப்பயறு. ஆடியில் வைத்த அவரை கார்த்திகையில்தான் ஓயும் என்பதால், பைகளை இரண்டு பங்காகப் பிரித்துக்கொண்டால் இடைவெளி இல்லாமல் காய் வரும்.

என்ன பாத்திரம்?

குத்து வகைகளின் வேர் பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள் நின்றுவிடும். ஆகவே ஓர் அடி உயரம், ஓர் அடி அகலம் உள்ள எதுவும் போதும். இந்த அளவில் சுமார் 20 லிட்டர் மண்கலவை பிடிக்கும்.

காசு கொடுத்துத்தான் பை வாங்க வேண்டும் என்பதில்லை. காலியான உரச்சாக்கை நன்றாக அலசிக் காயவைத்து, வாயை வெளிப்பக்கமாக ஓர் அடி உயரம் வரை சுருட்டி மடித்தால் உறுதியான பை கிடைக்கும். வெயிலில் ஓராண்டுக்கு மேல் தாங்காது. நூல் நூலாகப் பிரியத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும். வாய் உடைந்த பிளாஸ்டிக் குடம், சமையல் எண்ணெய் டின், ஓட்டை அண்டா, மண்தொட்டி எல்லாம் ஆகும். மண்தொட்டியில் வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால், தண்ணீர் சீக்கிரம் காயும்.

பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த கேன்களை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு மிச்சம் இருக்கும். வீட்டில் சாப்பிடும் காயில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அடியிலும், அடிக்கு ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டிலும் ஆறு ஓட்டைகள் சுண்டுவிரல் பருமனுக்குப் போட வேண்டும். ஓட்டையின்மேல் ஓட்டுச் சில்லை வைத்தால் மண் ஒழுகாது. கருப்புப் பை வெயிலில் கொதிக்கும். வெள்ளைச் சாக்கு நல்லது. பையை நேரடியாகச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடிச்சூடு ஏறாது, தண்ணீரும் வடியும்.

மண்கலவை: இங்கேதான் பாதிப்பேர் தவறுகிறார்கள்

மாவட்டத்தில் பல இடங்களில் செம்மண்ணும் செம்புறை மண்ணும்தான். வெறும் செம்மண்ணைப் பையில் அடைத்தால் இரண்டு மாதத்தில் செங்கல்போல் இறுகிவிடும். வேர் மூச்சுவிட முடியாது. சலித்த செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மக்கவைத்த தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்ற கணக்கில் கலக்க வேண்டும். நார்க்கழிவு கிடைக்காத குளத்தூர், விராலிமலைப் பக்கங்களில் அதற்குப் பதில் பாதி மணலும் பாதி மக்கிய இலைதழையும் சேர்க்கலாம்.

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத் தென்னந்தோப்புப் பகுதிகளில் நார்க்கழிவு கிடைக்கும். அதைப் பச்சையாகப் போடக் கூடாது. அதில் கரிமச்சத்து தழைச்சத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. மக்குவதற்காக மண்ணில் உள்ள தழைச்சத்தையே அது இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகிவிடும். உப்பும் துவர்ப்பும் வேறு உண்டு. இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, சாணக் கரைசல் தெளித்து, நிழலில் ஈரம் காயாமல் குவித்துக் கறுக்கும் வரை மக்கவிட வேண்டும். கடையில் விற்கும் அழுத்திய கட்டியையும் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

பை ஒன்றுக்கு 50 கிராம் வேப்பம்பிண்ணாக்குத் தூள், இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்துக் கலந்து, ஈரம் தெளித்துப் பத்து நாள் வைத்திருந்து விதைத்தால் வேரழுகல் குறையும். பையை முழுக்க நிரப்பாமல் மேலே இரண்டு அங்குலம் விட வேண்டும்.

விதைப்பு

அவரை இனத்தை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக் கூடாது. நேரடியாகப் பையிலேயே ஊன்ற வேண்டும். ஓர் அங்குல ஆழம் போதும். பீன்ஸ் என்றால் பைக்கு மூன்று செடி, கொத்தவரை மூன்று, தட்டைப்பயறு இரண்டு, குத்து அவரை இரண்டு. இரண்டு விதை கூடுதலாக ஊன்றி, பத்தாம் நாள் நோஞ்சான் செடியைக் கிள்ளிவிடலாம். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும்.

விதைத்ததும் ஒருமுறை நனைத்துவிட்டு, முளை வரும் வரை மேல்மண் காயாமல் தெளித்தால் போதும். ஐந்து முதல் ஏழு நாளில் முளைக்கும். தினமும் செம்பு செம்பாக ஊற்றினால் விதை உப்பி அழுகிவிடும். கடைவிதையில் இளஞ்சிவப்புச் சாயம் இருந்தால் அது பூஞ்சாணமருந்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மீந்ததைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது.

மருந்து நேர்த்தி செய்யாத விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து பிசறி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி ஊன்றலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உளுந்து, தட்டைப்பயறுக்குத் தரும் ரைசோபியம் அவரைக்கும் கொத்தவரைக்கும் வேலை செய்யும். பீன்ஸ் வேருக்கு வேறு வகை ரைசோபியம் தேவை. நம் மண்ணில் அது குறைவு. வேர் முடிச்சு சரியாக வராததால், பயறு இனம்தானே என்று விட்டுவிடாமல் பீன்ஸுக்கு மட்டும் உரம் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டும்.

தண்ணீர்: எத்தனை குடம்?

தலையில் குடம் சுமக்கும் வீட்டில் இதுதான் முதல் கேள்வி. 20 லிட்டர் பை ஒன்றுக்கு மார்கழி, தையில் நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் போதும். பங்குனி, சித்திரையில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். இருபது பை வைத்திருந்தால் குளிர்காலத்தில் தினம் ஒரு குடம். கோடையில் இரண்டு முதல் மூன்று குடம். இதைத் தர முடியாத வீடு கோடையில் பையைப் பத்தாகக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இருபதை வாடவிடுவதைவிடப் பத்தைக் காய்க்கவிடுவது மேல்.

அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர் எல்லாம் ஊற்றலாம். சோப்புத் தண்ணீரும் உப்புப்போட்டு வேகவைத்த நீரும் ஆகாது. மேல்மண்ணில் காய்ந்த சருகையோ கடலைப் பொட்டையோ இரண்டு விரற்கடை பரப்பினால் தண்ணீர்ச் செலவு கண்கூடாகக் குறையும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டியதில்லை. பூக்கும் நேரத்தில் மட்டும் ஒருநாள்கூட வாடவிடக் கூடாது, பூ கொட்டிவிடும்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடலோரப் பகுதிகளில் தண்ணீரின் உப்பைக் கவனிக்க வேண்டும். காய்கறிகளிலேயே உப்பை மிகக் குறைவாகத் தாங்குவது பீன்ஸ். மண்ணின் மின்கடத்துத் திறன் 1 டெசிசைமன் அளவைத் தாண்டினாலே அதன் விளைச்சல் சரியும். தட்டைப்பயறு ஏறக்குறைய 5 வரையிலும், கொத்தவரை 8 வரையிலும் தாங்கும். பையில் உப்பு வடிந்துபோக வழி குறைவு. நாளாக நாளாக மேலே வெள்ளையாகப் பூக்கும். உவர்நீர் உள்ள ஊரில் பீன்ஸை மறந்துவிட்டுக் கொத்தவரை வைக்கலாம். மழைநீர் பிடித்து வைத்து ஊற்றலாம். குடுமியான்மலை மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் நீரையும் சோதித்துக்கொள்வது நல்லது.

உரம்

20-ஆம் நாளிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு மண்ணைக் கிளறிவிட வேண்டும். 100 கிராம் கடலைப்பிண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து மடங்கு நீரில் கலந்து பைக்கு அரை லிட்டர் ஊற்றலாம். பூக்கும் தருணத்தில் பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவில் மாலையில் தெளிக்கலாம். யூரியாவைக் கிள்ளிப் போடும் ஆசை வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் இலை கரும்பச்சையாகும், பூ வராது, அசுவினி மொய்க்கும்.

பூச்சி, நோய், மயில்

அசுவினி: அவரையின் நிரந்தர விருந்தாளி. பனிக்காலத்தில் கொழுந்திலும் பூங்கொத்திலும் கறுப்பாக மொய்க்கும். எறும்பு ஏறுகிறது என்றால் அசுவினி வந்துவிட்டது என்று பொருள். ஆரம்பத்திலேயே கொழுந்தைக் கிள்ளி எறிந்துவிடலாம். வேகமாகத் தண்ணீர் அடித்தும் உதிர்க்கலாம். மிஞ்சினால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது காதிசோப்புக் கரைத்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். பொறிவண்டு தென்பட்டால் இரண்டு நாள் பொறுக்கலாம். அதுவே தின்று தீர்க்கும்.

மஞ்சள் தேமல்: இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக வந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். இரக்கப்பட்டு விட்டால் மற்ற பைகளுக்கும் பரவும். மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டால் ஈ குறையும்.

காய்த்துளைப்பான்: ஓட்டை விழுந்த காயையும் பின்னிக்கிடக்கும் பூவையும் தினமும் பொறுக்கி எடுத்தாலே இருபது பைக்குப் போதும்.

சிவப்புச் சிலந்தி: கோடையில் இலை வெளிறி, அடியில் நூலாம்படை கட்டும். காலையில் இலையடியில் தண்ணீர் பீய்ச்சினால் அடங்கும்.

வேரழுகல்: பச்சையாக நின்ற செடி திடீரென்று சாயும். வடிகால் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பை மண்ணை வெயிலில் காயப்போடாமல் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மயிலும் கோழியும் ஆடும்தான். முளைவிட்ட பத்து நாளைக்கு மேலே முள்விளாறு போட்டு மூடலாம். பிறகு பழைய மீன்வலையை நாலு குச்சியில் கட்டினால் செலவில்லாத வேலி.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் மாடியில் உள்ள பைகளைத் தரைக்கு இறக்கிச் சுவரோரம் நெருக்கி வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா இரவில் தென்னையும் பலாவும் சாய்ந்ததைப் பார்த்த மாவட்டம் இது. தூக்கி வைக்க முடிவது பைச்செடியின் பெரிய வசதி.

காசுக் கணக்கை ஒளிக்காமல் பார்ப்போம்

குத்து அவரை வயலில் எக்டேருக்கு 8 முதல் 10 டன் காய்க்கும். இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் எக்டேருக்கு ஏறக்குறைய 55,000 செடி. அப்படியானால் செடிக்கு 150 முதல் 180 கிராம். பையில் வேர் ஓட இடம் குறைவு என்பதால் 100 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். இருபது பை, நாற்பது செடி, நான்கு கிலோ. இரண்டு மாதப் பறிப்பில் வாரத்துக்கு அரைக் கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வேளைப் பொரியல்.

இதற்கு மேல் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பை, நார்க்கட்டி, மண்புழு உரம், கரைசல் எல்லாவற்றையும் கடையில் வாங்கினால் முதல் போகத்துக் காயின் விலையில் போட்ட காசு திரும்பாது. உரச்சாக்கு, வீட்டுத் தொழு உரம், சொந்த விதை என்று போனால்தான் கட்டுப்படியாகும். விதை மட்டும் வாங்கினால் போதும் என்ற நிலைக்கு வீட்டைக் கொண்டுவர வேண்டும். அடுத்த ஆண்டு அதுவும் வேண்டியதில்லை.

மாநிலத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளையும், சிற்றூர்களுக்குக் காய்கறி விதைப் பாக்கெட்டுகளும் வழங்கி வருகிறது. தளையில் பைகள், நார்க்கட்டி, விதை, உயிர் உரங்கள், டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய் இருக்கும். விலையும் இருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஆதார் அட்டையோடு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

லாபம் வேறிடத்தில் இருக்கிறது. மருந்து அடிக்காத காய், பறித்த அன்றே சட்டிக்கு வருகிறது. வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பெண் சந்தைக்கு ஓடாமல் வாசலில் கைநீட்டிப் பறித்துக்கொள்கிறாள். சோறும் ரசமுமாகப் போகும் நாட்களில் குழந்தையின் தட்டில் ஒரு பிடி காய் விழுகிறது.

விதை எடுத்தல்

அவரை இனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். வீரிய ஒட்டு விதையாக இல்லாவிட்டால், சொந்தச் செடியின் விதை தாயைப்போலவே வரும். நோயில்லாத, முதலில் காய்த்த இரண்டு செடியைத் தேர்ந்து அடையாளமாகத் துணி கட்டி, அதில் ஒரு காயையும் பறிக்காமல் முற்றவிட வேண்டும். நெற்று காய்ந்து சலசலத்ததும் எடுத்து உரித்து, கடித்தால் 'கடக்'கென்று உடையும் வரை காலை வெயிலில் உலர்த்த வேண்டும். வண்டு விழாமல் இருக்கச் சாம்பலிலோ வசம்புத் தூளிலோ பிசறிக் காற்றுப்புகாத டப்பாவில் வைக்கலாம். நம் பக்கத்துப் பழைய முறையான செம்மண் கட்டுதலும் நல்ல முறைதான்.

வாசகர் கேள்வி: பதில்

கேள்வி: பீன்ஸ் செடி நன்றாகப் பூக்கிறது. ஆனால், எல்லாம் கொட்டிவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பங்குனி, சித்திரையில் என்றால் மருந்தால் ஆகாது, வெயில்தான் காரணம். அந்தப் பையில் கொத்தவரையை ஊன்றுவதே வழி. மார்கழியிலும் கொட்டினால் தண்ணீர் விட்டுவிட்டு ஊற்றப்படுகிறதா, அசுவினி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆள் உயரம் வளர்ந்துவிட்டது, பூவே இல்லை. குத்து விதை என்றுதான் கொடுத்தார்கள்.

ஆள் உயரம் போனால் அது கொடி ரகம். பகல் குறையும் வரை பூக்காது. ஒரு கொம்பு நட்டு ஏற்றிவிட்டால் மார்கழியில் காய்க்கும். அடுத்த முறை ரகப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து, ரசீதோடு வாங்க வேண்டும்.

கேள்வி: மளிகைக் கடை ராஜ்மாவை ஊன்றலாமா?

ராஜ்மாவும் பீன்ஸ் இனமே, முளைக்கும். ஆனால், குளிர் தேசத்து ரகம் எது, குத்து எது, கொடி எது என்று தெரியாது. பிஞ்சும் நாராக இருக்கலாம். விதைக்கென்று விற்பதையே வாங்குவது நல்லது. காய்ந்த ராஜ்மாவைச் சமைக்கும்போது ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டில் அதிலுள்ள நச்சுப்பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும்.

கேள்வி: பழைய தொகுப்பு வீட்டு மாடியில் வைக்கலாமா? ஆஸ்பெஸ்டாஸ் கூரை?

நனைந்த பை ஒன்று 20 கிலோ வரை இருக்கும். இருபது பை என்றால் எட்டு மூட்டை அரிசியின் எடை. ஆஸ்பெஸ்டாஸ், ஓடு, தகரம் மீது கூடவே கூடாது. தொகுப்பு வீட்டில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அங்கும் வேண்டாம். உறுதியான மாடியாக இருந்தாலும் நடுவில் குவிக்காமல் சுவருக்கு மேலாக ஓரத்தில், செங்கல் மேல் வைக்க வேண்டும். கிழக்கு வெயில் விழும் முற்றம் மாடியைவிட நல்ல இடம். ஆறு மணி நேர வெயில் போதும்.

கேள்வி: அடுத்த போகத்துக்கு அதே மண்ணைப் போடலாமா?

போடலாம். செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் வெட்டிவிட்டால் வேர்முடிச்சின் சத்து மண்ணுக்கே சேரும். அடுத்து அதே பையில் அவரை இனத்தையே போடாமல் கீரை, வெண்டை, கத்தரி என்று ஒன்றை எடுத்துவிட்டு, பிறகு அவரைக்குத் திரும்பலாம். சித்திரையில் ஒருமுறை மண்ணைக் கொட்டி, பத்து நாள் வெயிலில் காயவைத்து, கால்பங்கு புதுத் தொழு உரம் கலந்துகொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தப் பட்டத்தில் ஐந்து சாக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம். இரண்டில் குத்து அவரை, இரண்டில் கொத்தவரை, ஒன்றில் பீன்ஸ். எது தன் வீட்டு வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவருகிறது என்பதை அந்த ஐந்து சாக்கே சொல்லிவிடும். மீதிப் பதினைந்தை அதற்குப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.